பற்றும் வரவும்: சாயத் தொட்டியிலும் வயலிலும் பட்டாசிலும் ஒரே இரசாயனம்

ஆனைக்குட்டத்தையும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த அங்கத்தினர்களுள் சிலர் நூலுக்குச் சாயமேற்றித் தறியில் நெய்கின்றனர். சிலர் நிலத்தை நம்பி வாழ்கின்றனர். இவ்விரு சாரார் இல்லங்களிலிருந்தும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலுக்குச் செல்வோர் உளர். தொழில்கள் வேறாயினும், இம்மூன்றிலும் நடைபெறும் இரசாயன மாற்றம் ஒரே வகையினது. அதனை அறிந்து கொள்வதால் சரக்கு வீணாகாது. பட்டாசுத் தொழிலிலோ உயிரே காப்பாற்றப்படும்.

மாற்றம் யாது?

விறகு எரிவதும் இரும்பு துருப்பிடிப்பதும் ஒரு பொருள் பிராணவாயுவுடன் கூடுவதால் நிகழ்கின்றன. இதனை ஆக்ஸிஜனேற்றம் என்பர். இதற்கு எதிரான மாற்றம் ஒடுக்கம் எனப்படும். பிராணவாயுவே இல்லாத இடத்திலும் இம்மாற்றம் நிகழ்வதை விஞ்ஞானிகள் பின்னர் கண்டனர். அணுவைச் சூழ்ந்துள்ள எலெக்ட்ரான் என்னும் நுண்துகளை இழப்பது ஆக்ஸிஜனேற்றம். அதனைப் பெறுவது ஒடுக்கம்.

சங்கக் கணக்கில் ஒருவர் பெயரில் பற்று எழுதினால் மற்றொருவர் பெயரில் வரவு எழுதியே தீர வேண்டும். இங்கும் அவ்வாறே. ஒரு பொருள் எலெக்ட்ரானை இழந்தால், அதே வேளையில் வேறொரு பொருள் அதனைப் பெற்றிருக்க வேண்டும். எனவே ஆக்ஸிஜனேற்றமும் ஒடுக்கமும் எப்பொழுதும் இணைந்தே நிகழும்.

மயில்துத்தமும் இரும்பும்

இதனைக் கண்ணால் காண எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிக் குவளையில் மயில்துத்தத்தை நீரில் கரைத்து, துருவில்லாத இரும்பு ஆணியை அதனுள் இடுக. சிறிது நேரத்தில் ஆணியின் மேல் செம்பு படியும். நெடுநேரம் விட்டால் கரைசலின் நீல நிறமும் மங்கும். இரும்பு தன் எலெக்ட்ரானைச் செம்புக்குக் கொடுத்துவிட்டுக் கரைசலில் இறங்குகிறது. செம்பு அதனைப் பெற்று உலோகமாக வெளிப்படுகிறது.

பயிர்நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துப் போர்டோ கலவை செய்வோர் இரும்புப் பாத்திரத்தை ஏன் விலக்க வேண்டும் என்பது இப்பொழுது விளங்கும். மண்பானை, மரத்தொட்டி, பிளாஸ்டிக் வாளி ஆகியவையே ஏற்றவை. கலவை முடிந்தபின் துலக்கிய கத்தியைச் சற்று நேரம் அதில் நனைத்துப் பார்ப்பதும் இக்காரணம் பற்றியே. கத்தியில் செம்பு படிந்தால், கரைந்த செம்பு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அது இலையைக் கருக்கும். மேலும் சுண்ணாம்பு சேர்த்து, மீண்டும் சோதித்தல் வேண்டும்.

சாயத் தொட்டி

அவுரி நீலம் நீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் புகாது. ஆகவே காஸ்டிக் சோடா கலந்த நீரில், ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைச் சேர்க்கிறோம். ஹைட்ரோஸ் எலெக்ட்ரானைக் கொடுக்க, நீலம் அதனைப் பெற்று, மஞ்சள் கலந்த பச்சை நிறத்துடன் கரைகிறது. நம் முன்னோர் சுண்ணாம்பும் தகரை விதையும் இட்டுத் தொட்டியைப் புளிக்க வைத்தனர். அங்கே ஹைட்ரோஸ் செய்யும் வேலையை நுண்ணுயிர்கள் செய்தன.

தொட்டியிலிருந்து எடுத்த சிட்டம் காற்றுப் பட்டதும் பச்சை மாறி நீலமாகும். காற்றின் பிராணவாயு எலெக்ட்ரானைத் திரும்ப வாங்கிக் கொள்ள, சாயம் மறுபடியும் கரையாப் பொருளாகி இழையினுள்ளே தங்கிவிடுகிறது. இதிலிருந்து மூன்று பாடங்கள் பெறலாம். தொட்டியை அடித்துக் கலக்கினால் காற்றுப் புகுந்து ஹைட்ரோஸ் வீணாகும். ஆகவே மெதுவாகவே கலக்குக. சிட்டத்தை ஒரே சீராகப் பிழிந்து உதறாவிடில் நீலம் திட்டுத் திட்டாக விழும். முழுவதும் நீலமாகும் முன் அலசினால் சாயம் நீரோடு போகும்.

ஹைட்ரோஸ் டப்பாவினுள் சிறிது நீர் பட்டாலும் அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடும். மூச்சை அடைக்கும் கந்தகப் புகையும் எழும். டப்பாவை இறுக மூடி உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஈரக் கையாலோ ஈரக் கரண்டியாலோ அள்ளுதல் ஆகாது.

நீர் நின்ற வயல்

நீர் தேங்கிய நெல் வயலின் சேற்றுக்குள் காற்றுப் புகுவதில்லை. அங்குள்ள நுண்ணுயிர்கள் பிராணவாயு கிடைக்காமையால், முதலில் நைட்ரேட்டையும் பின்னர் இரும்பின் துருவையும் எலெக்ட்ரானைப் பெறும் பொருள்களாகக் கொள்கின்றன. நைட்ரேட் உரம் இவ்வாறு வாயுவாகிக் காற்றில் போய்விடும். ஆகவே நீர் நிற்கும் வயலுக்கு அம்மோனியம் உரமோ யூரியாவோதான் ஏற்றது. அதனையும் சேற்றுக்குள் புதையும்படி இடுதல் நலம். செந்நிற மண் சேற்றில் சாம்பல் நிறம் பெறுவது இரும்பு ஒடுக்கமடைந்ததன் அடையாளம். நெல்லின் வேர் தன் வழியே காற்றைக் கீழே செலுத்துவதால், வேரின் மேல் மட்டும் செந்துரு படிந்திருக்கும்.

தீக்குச்சியும் பட்டாசும்

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினர். தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் உள்ளது. பெட்டியின் உரசும் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் உள்ளது. இரண்டும் பிரிந்திருப்பதே பாதுகாப்பு. உரசும்போது மட்டும் அவை சந்திக்கின்றன.

குளோரேட்டின் எடையில் 100-க்கு ஏறத்தாழ 39 பங்கு பிராணவாயுவே. பட்டாசில் பயன்படும் வெடியுப்பிலும் அது நிறைய உண்டு. கந்தகம், கரித்தூள், அலுமினியத் தூள் ஆகியவை எலெக்ட்ரானைக் கொடுக்கும் பொருள்கள். இரு சாராரையும் கலந்து வைத்தபின் காற்றின் உதவியே தேவையில்லை. ஆகவே எரியும் மருந்தைச் சாக்கினாலோ மணலினாலோ மூடி அணைக்க முயல்வது வீண். அறையை விட்டு உடனே ஓடி வெளியேறுவதே முதற் கடமை.

குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை சிறு உராய்விலும் வெடிக்க வல்லது. எனவே அத்தகைய வெடிபொருளை 1992-இல் மத்திய அரசு தடை செய்தது. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டாலும் தீமையே: அலுமினியம் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவையும் வெப்பத்தையும் வெளியிடும். மாலையில் மீந்த மருந்தை மறுநாளைக்கென வைத்தால், இரவு முழுவதும் அவ்வெப்பம் உள்ளேயே சேர்ந்து தீப்பற்றக் கூடும். கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும் என்ற விதி இக்காரணத்தால் எழுந்தது. 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேலைக்குச் செல்லும் நம் பெண்டிரும் இளைஞரும் விதியை அறிவதோடு அதன் காரணத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

வாசிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. போர்டோ கலவையில் நனைத்த கத்தியில் செம்பு படியும்போது, எலெக்ட்ரானை இழந்த பொருள் எது? பெற்ற பொருள் எது?

2. அவுரித் தொட்டியின் மேற்பரப்பில் மட்டும் நீல ஆடை படிவது ஏன்?

3. எரியும் விறகை மணலால் அணைக்கலாம்; எரியும் பட்டாசு மருந்தை அவ்வாறு அணைக்க இயலாது. காரணம் கூறுக.