பட்டுக்கூட்டிலிருந்து மருந்துக்கூடு

1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, மாநிலச் சீரமைப்பின்போது மைசூரைச் சேர்ந்த ஊர் கொள்ளேகால். மல்பெரித் தோட்டமும் பட்டுத்தறியும் அங்கே பல தலைமுறைகளின் வாழ்வாதாரம். அருகிலுள்ள மைசூரில் மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 1961 முதல் இயங்கி வருகிறது. சேலைக்கென வளர்க்கப்படும் அதே பட்டு, பெருங்குடல் புற்றுநோய்க்கான மருந்தைச் சுமந்து செல்லும் கூடாகவும் ஆகுமா என்பதை இன்று பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஆராய்ந்து வருகின்றன.

அத்தகைய கூடு எதற்கு? இந்நோய்க்கு இன்றளவும் அடிப்படையாக இருக்கும் ஃபுளூரோயூராசில் என்னும் மருந்து 1957இல் அறிமுகமானது. விரைந்து பெருகும் செல்களை அது தாக்கும். ஆனால் அது புற்றுச் செல்லை மட்டும் அறிந்து தாக்குவதன்று. வாயின் உட்தோல், எலும்பு மச்சை, நலமான குடற்சுவர் ஆகியவற்றிலும் செல்கள் விரைந்தே பெருகுகின்றன. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, இரத்த அணுக்கள் குறைதல் ஆகியவை இதனால் நேர்பவை. மருந்து உரிய இடத்தில் மட்டும் வெளிப்படுமானால் இத்துன்பம் குறையும்.

ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. மருந்தேந்தும் துகள்கள் பெரும்பாலும் சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர் வரை இருக்கும். புற்றுக்கட்டியில் அவசரமாக முளைக்கும் இரத்தக்குழாய்களின் சுவரில் இடைவெளிகள் மிகுதி. அவற்றின் வழியே துகள்கள் கசிந்து உள்ளே தங்கும் என்பதை ஜப்பானிய அறிஞர்கள் 1986இல் எடுத்துக்காட்டினர்.

பட்டிழையில் இரண்டு புரதங்கள் உள்ளன. ஏறத்தாழ முக்கால் பங்கு ஃபைப்ராயின். மீதி, அதனைப் பசைபோல் ஒட்டிவைக்கும் செரிசின். கூட்டைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்தால் பசை நீங்கும். நெசவுக்கு முன் நூலின் பசை நீக்குவோர் அறிந்த வேலைதான் இது. எஞ்சிய இழையை லித்தியம் புரோமைடு கரைசலில் கரைத்து, உப்பைச் சவ்வின் வழியே பிரித்தெடுத்து, அந்தப் புரத நீரை அசிட்டோனில் சொட்டுச்சொட்டாக விட்டால் நுண்துகள்கள் உருவாகின்றன. அறுவைத் தையலுக்குப் பட்டு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவதால், உடல் அதனைப் பெரிதும் ஏற்றுக்கொள்ளும் என்பது ஆய்வாளருக்கு ஊக்கமளிக்கிறது. மஞ்சளின் குர்குமினை ஏற்றிய பட்டுத்துகள்கள், கண்ணாடிக் கலத்தில் வளர்த்த பெருங்குடல் புற்றுச் செல்களின்மீது சோதிக்கப்பட்டுள்ளன. கலத்தில் வெல்வது வேறு, உடலில் வெல்வது வேறு.

வாய்வழி உட்கொள்வதானால், இரைப்பையின் அமிலத்தையும் சிறுகுடலின் நொதிகளையும் கடக்கவேண்டும். அமிலத்தில் கரையாத மேற்பூச்சு, அல்லது பெருங்குடல் பாக்டீரியாக்கள் மட்டுமே சிதைக்கவல்ல பெக்டின், கொத்தவரைப் பிசின் போன்ற உறை இதற்கு உதவுகிறது.

இன்றைய நிலை என்ன? பெருங்குடல் புற்றுக்கும் வழங்கப்படும் இரினோடீகன் மருந்தின் நானோ வடிவம் அமெரிக்காவில் 2015இல் ஒப்புதல் பெற்றது. ஆனால் அது கணையப் புற்றுக்காக. ஊசிவழிச் செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, ஏறத்தாழ 0.7 விழுக்காடு, என்று விலங்காய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு 2019இல் வெளியிட்டது. ஆகவே ‘நானோ’ என்னும் பெயரைச் சொல்லி எவரேனும் பெருந்தொகை கேட்டால், வைப்புத்தொகையை முறிக்கும் முன் அது ஒப்புதல் பெற்ற மருந்தா, ஆய்வுநிலையில் உள்ளதா என்று மருத்துவரிடம் கேட்டறிக. ஆய்வுநிலையில் உள்ளதாயின், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் பதிவெண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவு 2009 முதல் கட்டாயம், எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்றே கருதிக் கைவைத்தியத்தில் மாதங்களைக் கழிப்போர் நம்மிடையே பலர். பெரும்பாலான பெருங்குடல் புற்றுகள் சிறு சதைமொட்டாகத் தொடங்கிப் பல ஆண்டுகளில் வளர்பவை. உள்நோக்கிக் குழாய்ப் பரிசோதனையில் அம்மொட்டு தென்பட்டால், பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம்.