புது மேஸ்திரி கை வைக்கும் முன் அளந்துவிடுங்கள்

கேள்வி: 2024 ஜனவரியில் மின்கசிவால் எங்கள் வீடு எரிந்துபோனது. காப்பீட்டில் வந்த பணத்தோடு நகையை அடகு வைத்த பணமும் சேர்த்து, மே மாதம் திருப்பதியைச் சேர்ந்த ஒரு கான்டிராக்டரிடம் மெட்டீரியலோடு 16 லட்சத்துக்குப் பேசினோம். ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாக 100 ரூபாய்ப் பத்திரத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதுவரை 13 லட்சம் கொடுத்திருக்கிறோம். அதில் 5 லட்சம் வங்கி மூலம், மீதி ரொக்கம். அண்ணன் போலப் பழகியதால் ரசீது கேட்கவில்லை. நவம்பரில் தளம் போட்டதோடு ஆட்கள் வருவது நின்றுவிட்டது. தளம் ஒழுகுகிறது, சுவரில் விரிசல். “அடுத்த வாரம் வருகிறேன்” என்றே சொல்லிவந்தவர், இப்போது கம்பி விலை ஏறிவிட்டது, இன்னும் 4 லட்சம் தந்தால்தான் வருவேன் என்கிறார். அடுத்த வாரம் வேறு மேஸ்திரியை வைத்து விரிசலைப் பூசி, மீதி வேலையை முடிக்கலாம் என்றிருக்கிறோம். போலீசில் மோசடிப் புகார் கொடுத்தால் பணம் தானாக வரும் என்கிறான் தம்பி. ரெராவில் புகார் செய்யலாமா? கொடுத்த 13 லட்சத்தையும் திரும்ப வாங்க முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சித்தூர்

பதில்: சகோதரி, முதலில் அந்தப் புது மேஸ்திரியை நிறுத்திவையுங்கள். உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் வழக்கின் தலையெழுத்தை முடிவு செய்யப்போவது ஒரே ஒரு காகிதம்தான்: கான்டிராக்டர் விட்டுப்போனபோது வேலை எந்த அளவில், எந்தத் தரத்தில் நின்றது என்று காட்டும் பொறியாளரின் அளவீட்டு அறிக்கை. அது இன்றைக்கு உங்களிடம் இல்லை. விரிசல்மேல் ஒரு கரண்டி சிமென்ட் விழுந்தால், பழையவர் செய்தது எது, புதியவர் செய்தது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. “நான் நன்றாகத்தான் கட்டினேன், பின்னால் வந்தவர் கெடுத்துவிட்டார்” என்று அவர் சொல்வார். மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

உங்கள் வீடு தீயில் வெந்த வீடு என்பதால் இந்த அறிக்கை இன்னும் முக்கியம். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறிய கான்கிரீட் பலம் இழக்கத் தொடங்கும். சில வகை ஜல்லி போட்ட கான்கிரீட் இளஞ்சிவப்பாக நிறம் மாறியே அதைக் காட்டிக்கொடுக்கும். பழைய சுவரையும் தூண்களையும் அப்படியே வைத்து அதன்மேல் புதுத் தளம் போட்டாரா, இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பினாரா? நீங்கள் எழுதவில்லை. பழையதன்மேல்தான் கட்டினார் என்றால் அவருடைய முதல் வாதம் இதுவாகத்தான் இருக்கும்: “விரிசல் என் வேலையால் வந்ததல்ல, தீயால் வந்தது. செலவைக் குறைக்கப் பழைய சுவரை வைத்துக்கொள்ளச் சொன்னதே வீட்டுக்காரர்தான்.” ஆகவே பொறியாளர் நீள அகலத்தை அளந்து கொடுத்தால் மட்டும் போதாது. விரிசலுக்கும் ஒழுகலுக்கும் காரணம் என்ன, பழைய பகுதி தளத்தின் பாரத்தைத் தாங்குமா, கட்டும் முன் அதைச் சோதித்திருக்க வேண்டுமா என்ற கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். தேவைப்பட்டால் கான்கிரீட்டை உடைக்காமலே அதன் தரத்தைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசானிக் சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயரின் அறிக்கையையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சுவர் இடிக்க வேண்டியது, எது பழுதுபார்த்தால் போதும் என்று அதில் பெரும்பாலும் இருக்கும். இடிக்க வேண்டும் என்று சர்வேயர் குறித்த சுவர்மேல் கான்டிராக்டர் தளம் போட்டிருந்தால், உங்கள் பக்கத்துக்கு அதைவிட வலுவான சாட்சி கிடையாது. தீயணைப்பு நிலையத்தின் சான்றிதழும் கோப்பில் இருக்கட்டும்.

இனி எங்கே போவது? ரெரா உங்களுக்கு இல்லை. மனையையோ ஃபிளாட்டையோ விற்கும் திட்டங்களுக்கான சட்டம் அது. சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டும் தனி வீடு அதில் வராது. நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதைச் ‘சேவை’ என்றே சொல்கிறது. ஃபகீர் சந்த் குலாட்டி எதிர் உப்பல் ஏஜென்சீஸ் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், தன் நிலத்தில் வீடு கட்டும் வேலையைக் கான்டிராக்டரிடம் ஒப்படைத்த உரிமையாளர், கட்டுமானக் குறைபாட்டுக்காக நுகர்வோர் புகார் தரலாம் என்பதில் சந்தேகமே இல்லை என்று சொல்லியிருக்கிறது.

கான்டிராக்டர் திருப்பதிக்காரர் என்பதற்காக நீங்கள் அங்கே அலைய வேண்டாம். பழைய 1986 சட்டத்தில் இல்லாத ஒரு வசதி புதுச் சட்டத்தில் உண்டு: புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். சித்தூர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யுங்கள். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 முதல் 20 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். ஒப்பந்தம் தமிழில் இருப்பதால், தெலுங்கு அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இப்போது உங்களைக் கண்டிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. சட்டத்தின் 69ஆவது பிரிவு இது. உங்கள் விஷயத்தில் அந்த நாள் தீப்பிடித்த நாள் அல்ல, அவர் வேலையைக் கைவிட்ட நாள். ‘நவம்பரில்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேதி? கடைசியாக ஆள் வந்தது என்றைக்கு? தெரியாது. 2024 நவம்பரில் நின்ற வேலைக்குக் கெடு 2026 நவம்பரோடு முடிகிறது. அதில் பெரும்பகுதியை “அடுத்த வாரம் வருகிறேன்” என்று அவர் சொன்னதை நம்பியே கழித்துவிட்டீர்கள். இத்தனை மாதத்தில் ஒரு நோட்டீஸ் இல்லை, ஒரு கடிதம் இல்லை.

நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கெடு நீளும் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஆந்திராவிலேயே 1988 மார்ச்சில் ஒரு புகையிலைக் கிடங்கு எரிந்தது. அதில் சரக்கு வைத்திருந்த கண்டிமல்ல ராகவய்யா நிறுவனத்தார் காப்பீட்டு நிறுவனத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதே 1996இல்தான். தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் தந்தது 1997இல். கடிதமும் பதிலும் போனதால் கெடு புதிதாகப் பிறக்காது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிடங்கில் எரிந்தது எவ்வளவு, கிடைக்க வேண்டியது எவ்வளவு என்ற கேள்விக்கே அந்த வழக்கு போகவில்லை. அதே ஆண்டு, எதிர்த்தரப்பு கேட்காவிட்டாலும் கெடுவை ஆணையமே பார்த்தாக வேண்டும் என்று ஸ்டேட் வங்கி தொடர்பான இன்னொரு வழக்கிலும் தீர்ப்பு வந்தது.

வீடு முடியாதவரை தினமும் புதுக் காரணம் எழுகிறது என்று வாதாட இடம் உண்டு. ஃபிளாட்டை ஒப்படைக்காத பில்டர்களுக்கு எதிராக அந்த வாதம் எடுபட்டிருக்கிறது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இந்த இரண்டையும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கெடுவுக்குள் போகிறவருக்கு இந்த வாதங்களே தேவைப்படாது. கெடு தாண்டிப்போனால் சிவில் நீதிமன்றத்தில் ஒப்பந்த மீறலுக்கு மூன்று ஆண்டு உண்டு என்றாலும், அங்கே கோர்ட் கட்டணமும் கூடும், ஆண்டுகளும் கூடும். காப்பீட்டுத் தொகை குறைவு என்ற மனக்குறை உங்களுக்கு இருந்தால் அது தனி விஷயம். அந்தக் கெடு ஏற்கெனவே முடிந்திருக்கக்கூடும். செட்டில்மென்ட் கடிதத்தை வழக்கறிஞரிடம் உடனே காட்டிக் கேளுங்கள்.

அடுத்தது ரொக்கம். 8 லட்சம் ரூபாயை ரசீது இல்லாமல் கொடுத்திருக்கிறீர்கள். அண்ணன் போலப் பழகினார், ரசீது கேட்டால் மனம் வருந்துவார் என்று நினைத்தீர்களாம். நகையை அடகு வைத்து எடுத்த பணம் அது! ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கலாம், “இன்று இவ்வளவு கொடுத்தேன்” என்று ஒரு மெசேஜாவது போட்டிருக்கலாம். இப்போதும் முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. அடகுக் கடை ரசீதின் தேதி, வங்கியில் பணம் எடுத்த தேதி, கொடுக்கும்போது உடனிருந்தவர்களின் பிரமாண வாக்குமூலம், வாட்ஸ்அப்பில் அவர் பணம் கேட்ட, வாங்கியதாகச் சொன்ன செய்திகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு தாளில் அடுக்குங்கள். அந்தக் கைபேசியை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றுக்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை வழக்கறிஞர் தயாரித்துத் தருவார்.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் நகல்களில் ஒன்று எனக்குக் கவலை தருகிறது. கம்பி விலை ஏறிவிட்டது என்று அவர் எழுதியதற்கு “சரிண்ணா, பாத்துக்கலாம்” என்று பதில் போட்டிருக்கிறீர்கள். விலை ஏறினால் கூடுதல் தொகை தருவதாக ஒப்பந்தத்தில் இல்லாதபோது அவர் 4 லட்சம் கேட்க உரிமையில்லை. ஆனால் இந்த ஒரு வரியைச் சம்மதம் என்று அவர் காட்டப் பார்ப்பார். இனி அவரோடு போனிலோ வாட்ஸ்அப்பிலோ பேச்சு வார்த்தை வேண்டாம். எதுவானாலும் எழுத்தில், வழக்கறிஞர் மூலமாக மட்டும்.

13 லட்சத்தையும் திரும்பக் கேட்பது நிற்காது. சுவரும் தளமும் உங்கள் மனையில் நிற்கின்றன. தளம் வரை நின்ற வேலையின் மதிப்பை ஆணையம் கழித்துத்தான் பார்க்கும். சரியான கணக்கு இது: குறையைச் சரிசெய்து வீட்டை முடிக்க இன்றைக்கு ஆகும் செலவிலிருந்து, நீங்கள் அவருக்குத் தர வேண்டியிருந்த மீதி 3 லட்சத்தைக் கழியுங்கள். பொறியாளர் 8 லட்சம் ஆகும் என்று மதிப்பிட்டால் உங்கள் நஷ்டம் 5 லட்சம். தளத்தையே இடித்தாக வேண்டும் என்று அவர் சொன்னால் தொகை ஏறும். ஒப்பந்தப்படி முடிந்திருக்க வேண்டிய நாளுக்குப் பிந்தைய வாடகையையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் தனியாகக் கேட்கலாம். வாடகை ரசீது இருக்கிறதா?

வேறு ஆள் வைத்து முடிக்கவே கூடாதா என்றால், கூடும். நஷ்டத்தைக் குறைக்கப் பாதிக்கப்பட்டவரும் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் முதலில் அளவீடு, அதன் பிறகே பூச்சு. கூட்டு ஆய்வுக்கு நாளும் நேரமும் குறித்து, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் கான்டிராக்டருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வந்தால் அவர் முன்னிலையில் அளவு எடுக்கலாம். வராவிட்டால் அழைத்தோம், வரவில்லை என்பது பதிவாகும். பொறியாளர் அளக்கும்போது டேப்பை வைத்தே படமும் வீடியோவும் எடுங்கள். அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சியாக நிறுத்துங்கள். ஆணையத்தில் புகாரோடு, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரைப் பொறியாளரோடு அனுப்பி இடத்தைப் பார்வையிடச் சொல்லி ஒரு மனுவும் போட வேண்டும். தனியார் அறிக்கையைவிட அதற்கு எடை அதிகம்.

போலீஸ் புகாரைப் பற்றி உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள்: பேசி முடித்தது 2024 மே மாதம், அதாவது புதிய தண்டனைச் சட்டம் அமலுக்கு வரும் முன் என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவுதான் பொருந்தும். பணம் வாங்கிய நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி. சொன்ன வாக்கைப் பின்னால் காப்பாற்றாதது மட்டுமே குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பு ஒன்றில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தளம் வரை கட்டியவரிடம் அந்த எண்ணத்தைக் காட்டுவது கடினம். ஸ்டேஷனில் செலவாகும் மாதங்களுக்காக நுகர்வோர் கெடு நின்று காத்திருக்காது.

கையில் பணமில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தரும் உரிமை அது. சித்தூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கேளுங்கள், அல்லது 15100 எண்ணில் அழையுங்கள். சமரசத்துக்கு அவர் இறங்கி வந்தால் அங்கேயே லோக் அதாலத்தில் எழுதி முடித்துக்கொள்ளலாம். அந்த உத்தரவுக்கு சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு. வீட்டுத் திண்ணையில் பேசி முடிக்கும் இன்னொரு வாய்மொழி ஒப்பந்தம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மேலே சொன்னதெல்லாம் உங்கள் கடிதத்தையும் சில நகல்களையும் மட்டும் பார்த்துச் சொன்னது. ஒப்பந்தத்தின் மூலத்தை நான் பார்க்கவில்லை, அதன் முத்திரைக் கட்டணம் சரியா என்பதும் தெரியாது. வேலை நின்ற தேதி ஒரு மாதம் முன்பின் ஆனாலும் கெடு பற்றி நான் சொன்னது மாறிவிடும். ஆகவே இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீங்களே எதையும் தாக்கல் செய்யாதீர்கள். ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை, அடகு ரசீதுகள், காப்பீட்டுக் கடிதங்கள், கைபேசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, நுகர்வோர் வழக்கு நடத்திப் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் பாருங்கள். அவர் சொல்லும்வரை அந்தச் சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது.