ஒரு குழாயில் இரு நிலைமைகள்

நுழையும்முன்

நீர் மட்டும் ஓடும் குழாயில் அதன் அளவையும் வேகத்தையும் அறிந்தால் பெரும்பாலும் போதும். நீரோடு ஆவியோ காற்றோ மணலோ சேர்ந்து ஓடினால், அவை எவ்வாறு அமைந்து ஓடுகின்றன என்பதையும் அறிந்தாக வேண்டும். தொழிற்கூடங்களையும் அங்கு உழைப்போரையும் காப்பது அவ்வறிவே.

பல்நிலைமை ஓட்டம்

இளநீரை உறிஞ்சுகுழலால் பருகும்போது முதலில் நீர் சீராக ஏறிவருகிறது. நீர் வற்றும் தறுவாயில் காற்றும் உடன் புகுகிறது. உடனே குழல் ஒலியெழுப்புகிறது. நீரும் காற்றும் மாறிமாறி வாயை அடைகின்றன. குழல் மாறவில்லை, ஓட்டத்தின் இயல்பு மாறிவிட்டது. திண்மம், நீர்மம், வாயு என்னும் நிலைமைகளுள் இரண்டோ மூன்றோ சேர்ந்து ஓடுவதைப் பல்நிலைமை ஓட்டம் என்பர். ஒன்றோடொன்று கலவாத எண்ணெயும் நீரும் சேர்ந்து ஓடுவதும் இதனுள் அடங்கும்.

ஓட்டக் கோலங்கள்

செங்குத்துக் குழாயில் மேல்நோக்கி ஓடும் நீரில் வாயுவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவோம். முதலில் சிறுகுமிழிகள் நீரெங்கும் பரவி ஓடும். இது குமிழி ஓட்டம். அவை இணைந்து குழாயின் அகலத்தை நிறைக்கும் பெருங்குமிழிகளானால், அவற்றினிடையே நீர் திரள்திரளாக ஏறும்; இது திரள் ஓட்டம். வாயு மேலும் மிகுந்தால் ஓட்டம் கொந்தளிக்கும். பின்னர் வாயு நடுவே விரைய, நீர் உட்சுவரில் படலமாகப் படரும். இது வளைய ஓட்டம். இறுதியில் படலமும் மறைந்து நுண்துளிகளே எஞ்சும். இது தூவல் ஓட்டம்.

தொழிற்கூடங்களில்

கொதிகலன் குழாயின் உட்சுவரில் நீர்ப்படலம் உள்ளவரை, உலோகத்தின் வெப்பத்தை அது ஏற்றுக்கொள்கிறது. படலம் வற்றினால் உலோகத்தின் வெப்பநிலை விரைந்து உயரும். குழாய் வெடிக்கவும் கூடும். எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எண்ணெய், வாயு, நீர் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. நீர்மத்திரள்கள் பெருவேகத்தில் வந்து மோதினால் கருவிகள் சிதையும். எனவே குழாய்வழியின் முடிவில் அவற்றைத் தாங்கும் பெருங்கலன்களை அமைக்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியசில் 1 லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால், அது ஏறத்தாழ 1,670 லிட்டர் இடத்தை நிறைக்கும்.

அளவி காட்டாத உண்மை

1979 மார்ச் 28. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில், அழுத்தம் தணிக்கத் திறந்த வால்வு மீண்டும் மூடவில்லை. குளிர்விக்கும் நீர் அதன்வழியே வெளியேறியது. அழுத்தம் குறையவே, எஞ்சிய நீரில் ஆவிக்குமிழிகள் தோன்றின. ஆயினும் அழுத்தக்கலனின் அளவி உயர்ந்த நீர்மட்டத்தையே காட்டியது. உலையகத்தின் நீர்மட்டத்தை நேராகக் காட்டும் கருவி அங்கு இல்லை. நீர் மிகுந்துள்ளதாகக் கருதிய பணியாளர்கள் அவசரகால நீர்வரத்தைக் குறைத்தனர். நீரும் ஆவியும் கலந்து புகுந்ததால் எக்கிகள் அதிர்ந்தன. பழுதாகுமென அஞ்சி அவற்றையும் நிறுத்தினர்.

எக்கிகள் இயங்கியவரை, நீரும் ஆவியும் கலந்த ஓட்டமே எரிபொருளைக் குளிர்வித்துவந்தது. அவை நின்றதும் ஆவி மேலே பிரிந்தது; நீர் கீழே தங்கியது. அணுப்பிளவு நின்றபின்னும் எரிபொருளில் வெப்பம் தோன்றிக்கொண்டே இருக்கும். நீரின்றி வெளிப்பட்ட உலையகத்தில் ஏறத்தாழப் பாதி உருகியது.

அளவி காட்டிய மட்டம் ஓரிடத்திற்கு உரியது. அதனை முழு அமைப்புக்கும் உரியதாகக் கொண்டதே தவறாயிற்று. குழாயினுள் நிலைமைகள் எவ்வாறு அமைந்துள்ளன என்று வினவுவதே பல்நிலைமை ஓட்டவியலின் முதற்பாடம்.

கற்பவை கற்றபின்

1. நன்கு காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உடனே வற்றாமல் உருண்டோடுவது ஏன்? கொதிகலன் குழாயோடு ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரில் காணும் பல்நிலைமை ஓட்டங்கள் மூன்றினைப் பட்டியலிட்டு, அவற்றிலுள்ள நிலைமைகளை எழுதுக.