வாழைப்பழம் மேசையில் இருக்கலாம்

நம்பிக்கை: டொயோட்டாவின் 'லீன்' (விரயம் தவிர்க்கும்) முறையை அலுவலகத்துக்குக் கொண்டுவருவது என்றால் மேசையை ஒழுங்குபடுத்துவது.

2007 ஜனவரியில் இங்கிலாந்து வரித்துறையின் லாங்பென்டன் அலுவலகம் இதற்காகவே செய்தியில் அடிபட்டது. பேனாவும் ஸ்டேப்ளரும் இருக்க வேண்டிய இடத்தை மேசையில் கறுப்பு டேப் ஒட்டிக் குறித்தார்கள். மேசையிலிருக்கும் வாழைப்பழம் இப்போது சாப்பிடவா, சும்மா கிடக்கிறதா என்ற கேள்விகூட எழுந்ததாகத் தொழிற்சங்கத்தினர் கேலி செய்தார்கள்.

தொழிற்சாலையில் பத்துப் பேர் எடுக்கும் ஸ்பானருக்கு நிரந்தர இடம் வேண்டும், சரி. ஒருவரே எடுக்கும் பேனாவுக்கு எதற்கு? டொயோட்டாவின் டைச்சி ஓனோ பட்டியலிட்ட ஏழு விரயங்களில் காத்திருப்பும் ஒன்று. அலுவலகத்தை அரிப்பது அதுதான். பெயர்மாற்ற மனு ஒன்றுக்கு ஆகும் வேலை அரை மணி என்றால், மீதி நாளெல்லாம் அது யாருடைய டிரேயிலோ படுத்திருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: நிலுவையை, நாளொன்றுக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். நிலுவை 300, நாளுக்கு முடிவது 20 என்றால் 15 வேலைநாள். மேசை பளபளத்தாலும் அதே 15தான். 'வெள்ளிக்கிழமை மொத்தமாகக் கையெழுத்துப் போடுகிறேன்' என்னும் அதிகாரி தினமும் போட ஆரம்பித்தாலே, யாரும் கூடுதலாக உழைக்காமல் சராசரியில் இரண்டு நாள் குறையும்.

நம்பிக்கை: கையெழுத்து கூடினால் தவறு குறையும்.

மேலே பார்த்துக்கொள்வார்கள் என்று கீழே இருப்பவரும், கீழே பார்த்திருப்பார்கள் என்று மேலே இருப்பவரும் விட்டுவிடுவார்கள். தவறை அது பிறக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும்: ஒரே இணைப்புச் சான்று இல்லாமல் மனுக்கள் திரும்பத் திரும்ப வந்தால், திருத்த வேண்டியது விண்ணப்பப் படிவத்தை.

நம்பிக்கை: கணினிமயமானால் போதும்.

ஆறு மேசை சுற்றிய கோப்பு ஆறு லாகினில் சுற்றும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: லீன் என்பது ஆட்குறைப்பின் இன்னொரு பெயர்.

இப்படிச் சந்தேகப்படுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். லாங்பென்டனில் டேப் ஒட்டிய காலத்தில் அந்தத் துறை ஆட்களையும் குறைத்துக்கொண்டிருந்தது. டொயோட்டாவே 1950-இல் ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் என்று தத்தளித்து, நிறுவனர் கீச்சிரோ டொயோடா தலைமைப் பதவியை விட நேர்ந்தது. ஆனால் வேலையில் எந்தப் படி வெட்டி என்று அறிந்தவர் அந்தப் பிரிவின் குமாஸ்தாதான். சொன்னால் தன் நாற்காலி போகும் என்றால் அவர் வாய் திறப்பாரா? மிச்சமாகும் நேரத்தால் யாருடைய வேலையும் போகாது என்று முதலில் எழுத்தில் கொடுக்க வேண்டும். டேப், சார்ட் எல்லாம் அதற்குப் பிறகு.