அபராதம் போடும் முன் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்



நம் குழு ஒன்றில் ஓர் அக்கா தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. தீர்மான நோட்டில் அபராதம் எழுதினோம். சேமிப்புப் பாக்கி வாங்க வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பிரசவமாகி இரண்டு மாதம். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, பிள்ளையைத் தூக்கவும் மனசில்லை. "காத்து கருப்பு அடிச்சிருக்கு, மந்திரிக்கணும்" என்றார் மாமியார்.

சகோதரிகளே, இது நோய். சர்க்கரை, பி.பி. மாதிரி மனநோய்க்கும் வைத்தியம் உண்டு.

முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களை என்ன செய்தார்கள்? வெள்ளைக்காரர் காலத்தில் மதில் சுவருக்குள் அடைத்து வைத்தார்கள். சென்னையில் அப்படியொரு இல்லம் 1794-லேயே தொடங்கியது. 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியோடு குடும்பத்தாரையும் கூடாரத்தில் தங்க வைத்தார். சொந்தபந்தம் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் தேறுவார்கள் என்று காட்டினார். 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது.

ஆனாலும் 2001 ஆகஸ்ட் 6-ல் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017-ல் வந்த மனநலச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது, அரசு சிகிச்சை பெறுவது அவர் உரிமை என்கிறது.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நமக்குப் பக்கம்தான்; ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது ஊரில் இருக்கும் நாம்தான். டாக்டர்கள் குறைவு, குழுக்கள் ஏராளம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் நேரில் போய் விசாரியுங்கள்.
2. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குத் துணைக்குப் போங்கள்.
3. 'சாகணும் போல இருக்கு' என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள்.
4. 14416-க்குப் போன் செய்யலாம். 2022-ல் தொடங்கிய இலவச சேவை, இரவு பகல் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் எதிலும் பேசலாம்.
5. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அந்த அக்கா சிகிச்சை எடுத்தார். போன மாதம் பிள்ளையோடு கூட்டத்துக்கு வந்தார். அபராதத்தைத் தீர்மானம் போட்டு ரத்து செய்தோம்.

கூட்டத்தில் பேச: நம் குழுவில் கொஞ்ச நாளாக வராதவர் யார்? இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போகப் போவது யார்?