வீடு பெயரும்போது மனமும் பெயர வேண்டும்

இல்லறத்தாரின் வாழ்வில் வீடு மாறுதல் இன்று அரிய நிகழ்ச்சி அன்று. இராணுவம், இரயில்வே, வங்கி, மத்திய அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் பணிபுரிவோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்விட்டு ஊர் செல்கின்றனர். இதற்கென விதிகள் பல உள்ளன. மத்திய அரசு ஊழியருள் ஊதிய அட்டவணையின் ஆறாம் நிலையிலும் அதற்கு மேலும் இருப்போர் 6,000 கிலோ வரை வீட்டுப் பொருள்களை அரசுச் செலவில் கொண்டுசெல்லலாம். புதிய இடம் 1,000 கி.மீ.க்கு அப்பால் இருந்தால் பணியில் சேர 12 நாட்களும், 2,000 கி.மீ.க்கு அப்பால் இருந்தால் 15 நாட்களும் தரப்படுகின்றன. பிள்ளைகளின் படிப்பு தடைப்படாதிருக்க 1963 முதல் கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகள் நாடெங்கும் ஒரே பாடத்திட்டத்தில் இயங்கிவருகின்றன.

இவ்வாறு பொருளுக்கு எடைக்கணக்கு உண்டு. பயணத்துக்கு நாட்கணக்கு உண்டு. படிப்புக்கு ஏற்பாடு உண்டு. ஆனால் ஒரு குழந்தையின் மனம் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்கு வந்துசேர எத்தனை நாளாகும் என்பதற்கு விதி ஏதுமில்லை. அதைக் கவனிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. அப்பொறுப்பில் நல்லெண்ணத்தாலேயே நேரும் பிழை ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தின் கதையைக் கொண்டு அதனை ஆராயலாம்.

சொல்லாமல் கிளம்பிய வீடு

தந்தை மத்திய அரசு அலுவலர். எட்டு ஆண்டுகள் நாக்பூரில் ஒரே வீட்டில் வாழ்ந்த அக்குடும்பம் கொச்சிக்கு மாற்றலாயிற்று. மூத்தவள் பதினொரு வயதுச் சிறுமி. இளையவன் ஆறு வயதுச் சிறுவன். அடுத்த வீட்டில் ஒரு மராட்டிய மூதாட்டி. சிறுமி அவரை 'ஆஜி' என்று அழைத்து, பள்ளி விட்டதும் அவர் வீட்டுத் திண்ணையிலேயே மாலைப்பொழுதைக் கழிப்பாள்.

மாற்றல் உத்தரவு வந்ததும் பெற்றோர் கலந்து பேசினர். முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகள் அழுவார்கள். படிப்பிலும் கவனம் சிதறும். ஆகவே கடைசி வாரம் வரை சொல்வதில்லை என்று முடிவு செய்தனர். பொருள்களைக் கட்டும்போது சிறுமியின் பழைய பிஸ்கட் டின் ஒன்று தந்தையின் கையில் அகப்பட்டது. உள்ளே உடைந்த வளையல் துண்டுகள், பொத்தான்கள், தீபாவளிக்கு ஆஜி தந்த இரண்டு மண் அகல்கள். குப்பை என்று கருதி, பழைய செய்தித்தாள்களோடு அதனையும் எடைக்குப் போட்டுவிட்டார். புறப்பட்ட நாளன்று விடியுமுன்பே பிள்ளைகளை அரைத் தூக்கத்தில் எழுப்பி இரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்றனர். ஆஜியின் வீட்டுக் கதவு இன்னும் திறந்திருக்கவில்லை. அழுகையின்றிக் காரியம் முடிந்ததே என்று பெற்றோர் ஆறுதல் கொண்டனர்.

கொச்சியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினர், விளக்கேற்றினர், பள்ளியிலும் இடம் கிடைத்தது. எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. ஆனால் ஒரு மாதத்துக்குள் சிறுமிக்குக் காலைதோறும் வயிற்றுவலி வரத் தொடங்கியது. மருத்துவர் பரிசோதித்தார், குறை ஏதும் தென்படவில்லை. சிறுவன் மீண்டும் படுக்கையை நனைக்கலானான். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடையளித்துவிட்டுச் சிறுமி அறைக்குள் சென்றுவிடுவாள். ஒருநாள் அவள் டின்னைப் பற்றிக் கேட்டபோது, ஆன்மிக நூல்களில் ஈடுபாடுள்ள தந்தை, "பொருள்மேல் இத்தனை பற்று வைக்கலாமா? வந்தவை எல்லாம் போகத்தானே செய்யும்?" என்று எடுத்துரைத்தார். சிறுமி அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவளுக்குத் தெளிவு பிறந்துவிட்டது என்று அவர் எண்ணினார்.

கடலில் கிடைத்த பாடம்

பிள்ளைகளின் மனம் மலரட்டும் என்று டிசம்பர் விடுமுறையில் லட்சத்தீவுக்குக் கப்பலில் செல்ல ஏற்பாடாயிற்று. கொச்சிக்கு மேற்கே 220 முதல் 440 கி.மீ. தொலைவுக்குள் பரவியுள்ள 36 பவளத்தீவுகளின் கூட்டம் அது. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கி.மீ. மட்டுமே. 10 தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். அங்கே செல்ல முன்அனுமதி பெற வேண்டும். உரிய அனுமதியுடன் நால்வரும் கப்பலேறினர்.

கப்பலில் முதலில் நடந்தது பாதுகாப்புப் பயிற்சி. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பின்னர் 1914-இல் கடற்பயணப் பாதுகாப்புக்கான முதல் உலக உடன்படிக்கை உருவாயிற்று. அதன் பிந்தைய வடிவம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. பயணிகள் கப்பலில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் உடலுக்கேற்ற உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பதும் அதன் விதிகளுள் ஒன்று. சிறுவனுக்குச் சிறிய அங்கியை அணிவித்தபோது அவன், "கப்பல் மூழ்கிவிடுமா?" என்று கேட்டான். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று தந்தை தொடங்குமுன், பயிற்சியளித்த முதிய மாலுமி குனிந்து அவனிடம், "மூழ்கக்கூடாது என்றுதான் நாங்கள் எல்லோரும் பாடுபடுகிறோம். ஆனாலும் ஏதேனும் நேர்ந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதோ, இங்கேதான் நிற்க வேண்டும்" என்று கூறினார். சிறுவன் அந்த இடத்தை இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு அமைதியடைந்தான்.

மாலை நான்கு மணிக்குமேல் அலை சற்றே எழுந்தது. அறையில் படுத்துக் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்த சிறுமிக்குக் குமட்டல் கண்டது, வாந்தியெடுத்தாள். தாய் கதவைச் சாத்தி, "கண்ணை மூடிக்கொள். கப்பல் ஆடவே இல்லை என்று நினைத்துக்கொள்" என்றார். குமட்டல் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. உதவிக்கு வந்த அதே மாலுமி, "அறையில் வைக்காதீர்கள். ஆட்டம் குறைவாக உள்ள நடுப்பகுதிக்கு, மேல்தளத்துக்கு அழைத்து வாருங்கள். தொடுவானத்தைப் பார்க்கட்டும்" என்றார்.

கடல் மயக்கத்தின் காரணம் இதுதான்: உடலின் அசைவை உட்செவி உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணுக்கோ, சுவரும் புத்தகமும் அசையாமல் இருப்பதாகவே தோன்றுகிறது. 'அசைகிறது' என்று செவி அறிவிக்க, 'அசையவில்லை' என்று கண் அறிவிக்கிறது. இவ்விரண்டும் முரண்படுவதாலேயே குமட்டல் எழுகிறது. வெளியே வந்து தொடுவானத்தை நோக்கினால் கப்பல் ஆடுவதைக் கண்ணும் காண்கிறது; அதே சமயம் ஆடாத ஒரு கோடும் அதற்குக் கிடைக்கிறது. முரண்பாடு தணியத் தணிய மயக்கமும் தணிகிறது. ஆகவேதான் கப்பலில் குழந்தைகளை அழைத்துச் செல்வோர் எளிய உணவு தருவதும், ஆட்டம் மிகும்போது படிக்கவிடாமல் வெளிக்காற்றில் அமர்த்துவதும் நலம்.

அரைமணி நேரத்தில் சிறுமி தெளிந்தாள். கம்பித்தடுப்பை விட்டு விலகி இருக்கையில் அமர்ந்திருந்த அவளிடம் மாலுமி பேச்சுக் கொடுத்தார். அவர் மினிக்காய் தீவினர். 1885 முதல் ஒளிதரும் கலங்கரை விளக்கம் உள்ள அத்தீவில் கப்பல் வேலைக்குச் செல்லும் ஆடவர் பலர். "நீங்கள் வீட்டை விட்டுப் போகும்போது உங்கள் பிள்ளைகள் அழுவார்களா?" என்று சிறுமி கேட்டாள்.

"நிறைய அழுவார்கள், மகளே" என்றார் அவர். "ஆனால் அவர்கள் உறங்கும்போது நான் ஒருநாளும் கிளம்பியதில்லை. விழித்திருக்கும்போது சொல்லிக்கொண்டுதான் போவேன். சொல்லிவிட்டுப் போனால் அழுவார்கள். பிறகு விளையாடப் போவார்கள். சொல்லாமல் போனால் வீடு முழுவதும் தேடிக்கொண்டிருப்பார்கள்."

சிறுமி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்து, "ஆஜி எங்களைத் தேடியிருப்பார்களா, அப்பா?" என்றாள். பிறகு டின்னைப் பற்றிச் சொன்னாள். அந்த இரண்டு அகல்களை ஆஜியின் தாயார் ஆஜிக்குக் கொடுத்திருந்தாராம். பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லித்தான் அவள் வாங்கிக்கொண்டாளாம். தந்தையிடம் சொல்வதற்கு உபதேசம் ஏதும் இருக்கவில்லை. "நான் திறந்து பார்த்தேன், உன்னைக் கேட்கவில்லை. அது என் தவறு" என்றார். அந்தச் சொற்களைக் கேட்ட பிறகுதான் அவள் அழுதாள்.

பற்றின்மை யாருடைய சாதனை?

இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை தெளிவானது. வீடு மாறிய குழந்தையின் உள்ளம் தரை அசைவதை உணர்கிறது. பெற்றோரோ, 'ஒன்றும் மாறவில்லை. எல்லாம் நன்றாகவே இருக்கிறது' என்கின்றனர். தான் உணர்வதும் தனக்குச் சொல்லப்படுவதும் முரண்படும்போது குழந்தை மயங்குகிறது. சொல்லால் வெளிப்படாத அம்மயக்கம் வயிற்றுவலியாகவும், பிடிவாதமாகவும், மௌனமாகவும் வெளிப்படலாம். மாறிவிட்டது என்று ஒப்புக்கொள்வதும், மாறாத ஒன்றைக் காட்டுவதும் சேர்ந்தே மருந்தாகும்.

ஆன்மிக நாட்டமுள்ள இல்லங்களில் இங்கே தனியான எச்சரிக்கை தேவை. பற்றின்மை உயர்ந்த பண்பு. ஆயினும் அது ஒருவர் தம் உள்ளத்தில் பயில வேண்டிய சாதனை; பிறர் துயரத்தைக் கேளாதிருக்கப் பயன்படும் திரை அன்று. மகளின் டின்னைத் துறந்தவர் மகள் அல்லர்; அதை அவளிடமிருந்து எடுத்தவர் தந்தை. எடுத்துக்கொள்ளப்பட்டதைத் துறவு என்று பெயரிட்டு அழைத்தால், குழந்தை கற்றுக்கொள்வது பற்றின்மையை அன்று. மனத்தை மூடிக்கொள்வதையே கற்றுக்கொள்கிறது.

காளிதாசரின் சாகுந்தல நாடகத்தின் நான்காம் அங்கம் இதற்கு நல்ல விளக்கம். கண்வர் காட்டில் தவம் புரியும் முனிவர். தாம் வளர்த்த மகள் கணவன் இல்லம் புறப்படும் நாளில் அவர் குரல் தழுதழுக்கிறது, கண் கலங்குகிறது. அதை அவர் மறைக்கவில்லை. அவளுக்கு விடைகொடுக்குமாறு தபோவனத்து மரங்களிடம் அவரே வேண்டுகிறார். சகுந்தலை தான் வளர்த்த முல்லைக்கொடியைத் தழுவி விடைபெற்று, அதைத் தோழியரிடம் ஒப்படைக்கிறாள். அவள் வளர்த்த மான்குட்டி ஆடையைப் பற்றி இழுக்கிறது. ஒரு கொடிக்காகவும் மானுக்காகவும் வருந்துவதா என்று அந்த ஆசிரமத்தில் எவரும் கடிந்துகொள்ளவில்லை. வால்மீகி இராமாயணத்திலும் இராமபிரான் வனம் செல்லுமுன் தாயிடம் விடைபெறுகிறார். தம் உடைமைகளைப் பகிர்ந்தளிக்கிறார். திரும்பி வரும்வரை தம் இல்லத்தை வெறுமையாக விடாதிருக்கப் பணியாளரிடம் சொல்லிச் செல்கிறார். பற்றற்ற பெரியோர் விடைபெறாமல் சென்றவர் அல்லர். முறையாக விடைபெற்றமையாலேயே கலக்கமின்றிச் சென்றனர்.

இல்லத்தில் பயில்வதற்கு

1. மாற்றல் உறுதியானதும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். ஊர், வீடு, பள்ளி பற்றித் தெரிந்ததைத் தெரிந்தபடியும், தெரியாததைத் தெரியாது என்றும் கூறலாம். அழுதால் அழ இடம் தர வேண்டும்.

2. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெட்டி தர வேண்டும். அதில் எதை வைப்பது என்பது குழந்தையின் முடிவு. 6,000 கிலோவில் இரண்டு கிலோ அதற்கு ஒதுக்குவது பெரிய இழப்பு அன்று. பிறருக்குக் கொடுக்க வேண்டிய பொருளையும் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்ய வேண்டும். ஈகை அங்கேதான் தொடங்குகிறது.

3. புதுமனை புகுதலுக்குச் சடங்கு உண்டு. பழைய மனையை நீங்குதலுக்குப் பெரும்பாலான இல்லங்களில் ஏதுமில்லை. கடைசி மாலையில் வீட்டைப் பெருக்கி, விளக்கேற்றி, அறை அறையாகச் சென்று நன்றி கூறலாம். அண்டை வீட்டாரிடம் நேரில் விடைபெற வேண்டும். வளர்த்த செடியை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

4. புதிய வீட்டில் ஒன்றேனும் மாறாதிருக்க வேண்டும். அதே நேரத்தில் மாலை விளக்கு, சேர்ந்து அமர்ந்து உண்ணல், உறங்குமுன் ஒரு கதை என எதுவாயினும் நாள் தவறாமல் நடப்பது குழந்தைக்குத் தொடுவானம் போன்றது.

5. வயிற்றுவலி, உறக்கமின்மை, படுக்கை நனைத்தல் ஆகியவற்றுக்காகக் குழந்தையைக் கடியலாகாது. முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சில வாரங்களில் தணியாவிட்டால் குழந்தை மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ தயங்காது நாட வேண்டும்.

அக்குடும்பம் கொச்சிக்குத் திரும்பிய அன்று மாலை சிறுமி ஆஜியுடன் தொலைபேசியில் பேசினாள். அகல்கள் தொலைந்துபோனதைத் தந்தையே ஆஜியிடம் கூறி மன்னிப்புக் கேட்டார். டின் திரும்பக் கிடைக்கவில்லை. வயிற்றுவலியும் மறுநாளே நீங்கிவிடவில்லை. ஆனால் வலிக்கும் காலைகளில் அவள் அறைக்குள் செல்வதை விட்டுத் தாயின் அருகில் வந்து அமரலானாள். பள்ளிக்குப் போகப் பிடிக்காத நாட்களில் அதைச் சொல்லவும் செய்தாள். நாக்பூரிலிருந்து லாரி வந்து சேர்ந்து ஏழு மாதங்களுக்குப் பின்னர் அவள் மனம் அப்போதுதான் கொச்சி வீட்டின் வாயிற்படியை மிதித்தது.

வீடுகள் மாறும்; அதை யாராலும் தடுக்க இயலாது. மாறுகிறது என்பதை மறைக்காமல் சொல்லி, மாறாத அன்பை நாள்தோறும் காட்டும் பெற்றோரிடத்தில் வளரும் குழந்தையே, நிலையாமையை அஞ்சாமல் நோக்கும் வலிமையைப் பின்னாளில் பெறும்.