“எல்லாரும்”னா எத்தனை பேர்?
(ஆபத்துக் காலக் குழு அமைப்பது எப்படி – ஒரு பாடம்)



இந்த மாதச் சுவரிதழுக்குப் ‘பேரிடர் மேலாண்மை’ பற்றி எழுதச் சொல்லி சமூக அறிவியல் டீச்சர் என்னிடம் சொன்னார். புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன பருவத்தில் நடந்த தீ ஒத்திகையில் நான் செய்த தவறு மனதை விட்டுப் போகவில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். யாரும் சிரிக்க வேண்டாம்.

ஒத்திகை அன்று நடந்தது

அலுவலக அறைக்கு வெளியே நம் பள்ளியின் பேரிடர்க் குழுப் பட்டியல் ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். எச்சரிக்கைக் குழு, வெளியேற்றக் குழு, தேடும் குழு, முதலுதவிக் குழு, தீயணைப்புக் குழு என ஐந்து குழுக்கள். மொத்தம் முப்பது பெயர்கள். ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் எல்லாம் போட்டு அழகாகத்தான் இருந்தது. நான் வெளியேற்றக் குழு. ஆறாம் வகுப்பு ‘அ’ பிரிவுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து எண்ணிச் சொல்வது என் வேலை.

மணி அடித்தது. ஒரு ஆசிரியர் “கிரவுண்டுக்குப் போங்க” என்றார். இன்னொருவர் “முன்பக்க கேட்டுக்குப் போங்க” என்றார். மாடிப்படியில் இரண்டு வரிசையும் முட்டிக்கொண்டு நின்றன. பின்பக்க கேட் பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேன் தாத்தாவிடம். தாத்தா டீ குடிக்கப் போயிருந்தார். முதலுதவிக் குழுத் தலைவி அன்று விளையாட்டுப் போட்டிக்கு வெளியூர் போயிருந்தாள். முதலுதவிப் பெட்டியின் சாவியும் அவளுடனே போய்விட்டது!

இனி என் தவறு. வேப்பமரத்தடியில் பிள்ளைகளை நிறுத்தி, “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டேன். “வந்தாச்சு அக்கா!” என்று கத்தினார்கள். நானும் பேப்பரில் டிக் போட்டுவிட்டேன். தீயணைப்பு நிலைய அலுவலர் என் பக்கம் வந்தார்.

“உங்க கிளாஸ் என்னம்மா ஆச்சு?”

“எல்லாரும் வந்துட்டாங்க சார்.”

“எல்லாரும்னா எத்தனை பேர்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பின்பக்கம் இருந்து ஒரு குட்டிப் பெண் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தாள். அவளும் ஆறாம் வகுப்பு ‘அ’ தான். எல்லாரும் சிரித்தார்கள். அலுவலர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. அந்தப் பிள்ளைகளும் நம்மைப் போல் காலையில் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தவர்கள்தான். ஒரு வகுப்பில் ஒருவர் குறைவது என்பது கணக்குத் தவறு அல்ல, ஒரு வீட்டுப் பிள்ளை.

பெரிய அமைப்புகள் எப்படிக் குழு அமைக்கின்றன என்று அதன் பிறகு தேடிப் படித்தேன். நான் கற்றதை ஐந்து பாடங்களாகத் தருகிறேன்.

பாடம் 1: கட்டளை ஓர் இடத்திலிருந்து வர வேண்டும்

1970-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 13 நாட்கள் பெரும் காட்டுத்தீ எரிந்தது. 16 பேர் இறந்தனர். 700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அங்கே ஆட்களுக்கும் வண்டிகளுக்கும் குறைவில்லை. பல துறைகள் வந்தன. ஆனால் ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைமை, ஒரு பேச்சு முறை. ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. இந்த அனுபவத்திலிருந்து அவர்கள் உருவாக்கிய ஏற்பாடுதான் இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. அதன் முதல் விதி, ஒரு நிகழ்வுக்கு ஒரு களத் தலைமை. ஒவ்வொருவருக்கும் மேலே ஒரே ஒருவர். இரண்டு பேரிடம் உத்தரவு வாங்கக் கூடாது.

நம் மாடிப்படியில் நடந்ததும் இதே கதைதான். நமக்கு இரண்டு தலைமை இருந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. களத்துக்கு முதலில் வருபவர் சிறிய பதவியில் இருந்தாலும், பொறுப்பானவர் வந்து ஏற்றுக்கொள்ளும் வரை அவரே தலைமை. தீயைப் பார்த்தவர் பெரியவர்களைத் தேடிக்கொண்டு ஓடி நேரத்தை வீணாக்கக் கூடாது.

பாடம் 2: ஆளைப் பார்த்து வேலை அல்ல, வேலையைப் பார்த்து ஆள்

அந்த ஏற்பாட்டில் ஐந்து வேலைகள் உண்டு: தலைமை, களப்பணி, திட்டம், பொருள் வழங்கல், பணக்கணக்கு. கேட்க கஷ்டமாக இருக்கிறதா? நம் ஊர் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முடிவு சொல்லும் பெரியவர் தலைமை. பந்தி பரிமாறுபவர்கள் களப்பணி. அடுத்த பந்திக்கு எத்தனை இலை என்று கணக்கிடும் மாமா திட்டம். ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகியிருக்கும் சித்தப்பா பொருள் வழங்கல். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவர் பணக்கணக்கு. ஸ்டோர் ரூம் சித்தப்பா பந்திக்கு ஓடிவிட்டால் என்ன ஆகும்? சாம்பார் வரும், அப்பளம் வராது!

திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆராய்ந்து, தகுந்தவரிடம் வேலையை ஒப்படைப்பது பற்றியது அது. நாம் என்ன செய்தோம்? வகுப்புத் தலைவர்கள் பெயரை அப்படியே எழுதிவிட்டோம். சத்தமாகப் பேசுபவர் எச்சரிக்கைக் குழுவுக்கு ஆகலாம். எண்ணும் வேலைக்கு நிதானமானவர் தேவை.

பாடம் 3: ஒருவருக்குக் கீழே ஐந்து பேர்

ஒருவர் நேரடியாகக் கவனிக்க வேண்டியவர்கள் மூன்று முதல் ஏழு பேர் வரைதான் இருக்கலாம். ஐந்து சிறந்தது என்பது அந்த முறை. அதற்கு மேல் போனால் குழுவைப் பிரித்து இன்னொரு தலைவரை நியமிக்க வேண்டும். பதற்றத்தில் ஒரு மனிதர் இருபது பேரைக் கவனிக்க முடியாது. நம் பட்டியலில் முப்பது பேரும் ஒரே சாரிடம் நேராகப் போய்ச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அன்று அவரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை.

பாடம் 4: முன்கூட்டியே பெயர், பயிற்சி, மாற்று ஆள்

நம் நாட்டில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி தேசிய ஆணையத்துக்குப் பிரதமரும், மாநில ஆணையத்துக்கு முதலமைச்சரும், மாவட்ட ஆணையத்துக்கு கலெக்டரும் தலைவர்கள். பேரிடர் வந்த பிறகு “யார் பொறுப்பு?” என்று தேட வேண்டியதில்லை. 2010-இல் தேசிய ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மாவட்டத்தில் களப்பணி, திட்டம், பொருள் வழங்கல் ஆகிய பொறுப்புகளுக்கு அலுவலர்களை முன்கூட்டியே நியமித்துப் பயிற்சி தர வேண்டும்.

2006-இல் எட்டு பட்டாலியன்களுடன் தொடங்கிய தேசியப் பேரிடர் மீட்புப் படையில் இப்போது 16 பட்டாலியன்கள் உள்ளன. நான்காவது பட்டாலியன் நம் அரக்கோணத்தில் இருக்கிறது. ஒரு மீட்புக் குழுவில் 45 பேர். எல்லாரும் இடிபாட்டில் இறங்குபவர்கள் அல்லர். பொறியாளர், தொழில்நுட்பப் பணியாளர், எலக்ட்ரீஷியன், மருத்துவ உதவியாளர், மோப்ப நாய் குழு எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. உதவிக்கு வெளியே ஆள் தேடிப் போகக் கூடாது அல்லவா?

நம் முதலுதவிக் குழுவுக்கு மாற்றுத் தலைவி இல்லை. அவள் ஊருக்குப் போனது அவள் தவறா? இல்லவே இல்லை. அவள் இல்லாவிட்டால் யார் என்று நாம் எழுதி வைக்காததுதான் தவறு.

பாடம் 5: எண்ணிக்கை

மீட்புக் களத்துக்கு உதவ வருபவர் யாராக இருந்தாலும் முதலில் பெயர் பதிய வேண்டும். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அவர்களுடைய பாதுகாப்பைப் பார்க்க என்றே ஓர் அலுவலரும் உண்டு. ஆபத்து என்று கண்டால் வேலையையே நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. காப்பாற்றப் போனவரையும் காப்பாற்ற வேண்டுமே!

இப்போது நம் பள்ளியில்

பழைய பட்டியலை எடுத்துவிட்டோம். புதிய பட்டியலில் பார்டர் இல்லை. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கட்டளை ஹெச்.எம். கொடுப்பார், அவர் இல்லாவிட்டால் யார் என்பதும் எழுதியிருக்கிறது. பின்பக்க கேட்டின் இரண்டாவது சாவி அலுவலக ஆணியில் தொங்குகிறது. முதலுதவிப் பெட்டிக்கு இப்போது பூட்டே கிடையாது. காலை வருகை முடிந்ததும் அன்றைய எண்ணிக்கையைக் கரும்பலகையின் மூலையில் எழுதுகிறோம். எண்ணுபவர் அதை ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற வாரம் இரண்டாவது ஒத்திகை நடந்தது. அன்று ஆறாம் வகுப்பு ‘அ’வில் வந்திருந்தவர்கள் 36 பேர். வேப்பமரத்தடியில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். 35. மறுபடி எண்ணினேன். 35 தான். கை நடுங்கியது. ஆனாலும் உரக்கச் சொன்னேன்.

“முப்பத்தாறுல முப்பத்தஞ்சு சார். ஒன்னு குறையுது!”

தேடும் குழு இரண்டு பேராக உள்ளே போனது. மூன்று நிமிடத்தில் நூலகத்திலிருந்து ஒரு பையனை அழைத்து வந்தார்கள். எங்களைச் சோதிக்க ஹெச்.எம். தான் அவனை அங்கே உட்கார வைத்திருந்தார். எங்களில் யாருக்கும் அது தெரியாது. அந்த மூன்று நிமிடம் எனக்கு மூன்று பீரியடு போல இருந்தது.

நண்பர்களே, பட்டியலில் உங்கள் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றே மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள்:

1. மணி அடித்தால் என் வகுப்பு எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும்?
2. நான் யார் சொல்வதைக் கேட்க வேண்டும்? அவர் இல்லாவிட்டால் யார்?
3. இன்று என் வகுப்பில் எத்தனை பேர்?

நினைவில் கொள்க: அவசர உதவி 112, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077.

இதைப் படித்துவிட்டுத் திரும்பும்போது உங்கள் வகுப்புக் கரும்பலகையின் மூலையைப் பாருங்கள். இன்றைய எண் எழுதப்படவில்லை என்றால், சாக்பீஸ் எடுத்து நீங்களே எழுதுங்கள்.



– 9ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, வெளியேற்றக் குழு